கிளிக் கணக்கும் புளிக் கணக்கும்

தம்பி பஸ் ஏறும்போது நடந்துதான் ஏறினான். ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது அவனால் முடியவில்லை. வளைவுச் சாலையில் உட்கார்ந்தே வந்ததில் கால் மரத்துவிட்டது என்றான். மரத்துப்போகவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கண்டக்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இறக்கினோம். சந்தைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "பொட்டிய பாத்து எடு அக்கா, ஆட்டாத" என்று என்னை அதட்டினான். எல்லாருடைய பார்வையையும் தன்மேலிருந்து பெட்டியின்மேல் திருப்பத்தான் அப்படி அதட்டினான் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலையில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு நான் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு எனக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன் என்று ஆகிவிட்டது. அவன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் விற்று, பழுது பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். தசை தேய்ந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. முதலில் கெண்டைக்கால், பிறகு தொடை. கைக்கும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து ஏதும் இல்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேலையை விட்டு வரும்போது முதலாளி அவனுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து அனுப்பினார். அதுதான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. டைப் அடிக்கும் பலகை மாதிரி இருக்கும். டிவியில் மாட்டினால் எழுத்து தெரியும். எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டு கேசட்டும் டேப் ரெக்கார்டரும் வேண்டும்.

வந்த புதிதில் அவன் அதைத் தொடவே இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தால் தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். கேட்டால் "பசிக்கல" என்பான்.

என் இரண்டாம் வகுப்பில் ஒரு பெரிய பெண் இருந்தாள். பதிமூன்று பதினான்கு இருக்கும். அவளைப் படிக்க வைக்க யாரும் கொண்டு வந்து விடவில்லை. அவளுடைய தம்பி விடுதியில் தனியாக இருக்க மாட்டேன் என்று அழுததால் அவனுக்குத் துணைக்கு விட்டார்கள். சும்மா இருப்பானேன் என்று தலைமை ஆசிரியர் அவளையும் பதிவேட்டில் சேர்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி, முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருப்பாள். மாலையில் விடுதியில் இருக்கப் பிடிக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நானும் வாசல்படியில் உட்கார வைத்து ஏதாவது சொல்லிக் கொடுப்பேன்.

ஒருநாள் புத்தகத்திலிருந்து ஒரு கழித்தல் கணக்கைப் படித்தேன். ஒரு மரத்தில் ஒன்பது கிளிகள் இருந்தன, நான்கு பறந்து போயின, மீதி எத்தனை? அவள் வாயைத் திறக்கவில்லை.

"தெரியலையா?"

"தெரியுங்க டீச்சர்."

"அப்ப சொல்லு."

"அஞ்சு. சொல்லவே வெக்கமா கீது. எந் தம்பியும் இதத்தான் போடறான்." கொஞ்சம் நிறுத்தி, "சாமைக் கொல்லையில கிளி ஓட்டறதுதாங்க எனக்கு வேலையே. கல்லு வுட்டு ஓட்டுவோம். எண்ணிக்கினா நிப்போம்?" என்றாள்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மலைக்கு வந்த பிறகு தம்பி சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து போய்ப் பார்த்தேன். தலையணையில் கையூன்றி நிமிர்ந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான்.

"அக்கா, கணக்கு அவளுக்குச் சரியாத்தான் இருக்கு. கதைதான் அவளுக்குச் சின்னதா இருக்கு. கை எட்டாத சட்டை மாதிரி" என்றான். பிறகு, "நம்பர ஒரு பக்கமும் கதைய ஒரு பக்கமும் பிரிச்சுட்டா?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டான். அன்று இரவு தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டான்.

மறுநாள் பெட்டியைத் திறக்கச் சொன்னான். விடுதியில் ஓடாமல் கிடந்த ஒரு டிவியைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அவனே அதைப் பழுது பார்த்தான். அவன் செய்ய நினைத்தது கேட்க எளிதாக இருந்தது. கம்ப்யூட்டர் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்கும். உன் வயது என்ன? எந்தக் கணக்கு வரை உனக்கு வரும்? இரண்டாவது பதிலை வைத்து எண்களைப் போடும். முதல் பதிலை வைத்துக் கதையைப் போடும். ஒரே கழித்தல்தான். ஐந்து வயதுக்குக் கிளி பறக்கும். பதிமூன்று வயதுக்குப் புளி உலர்ந்து எடை குறையும்.

ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து அவன் வரைய வேண்டியிருந்தது. 'ட' உடனே வந்துவிட்டது. 'ழ' வரவே இல்லை. "இது ழவா, சுருட்டிக்கிட்டுப் படுத்திருக்கிற பாம்பா?" என்று என்னிடம் காட்டுவான். கடைசியில் 'ணை'க்கும் 'ழு'வுக்கும் இரண்டு எழுத்தின் இடத்தை ஒதுக்கினான். அவன் கண்ணில் வெளிச்சம் வந்ததை நான் அப்போது பார்த்தேன். கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். பென்சில் அடிக்கடி அவன் விரலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

முதல் முறை பிள்ளைகளை வைத்துப் பார்த்த அன்று எல்லாம் தப்பாகப் போயிற்று. உன் வயது என்ன என்று டிவியில் எழுத்து வந்தது. மீசை அரும்பிய ஒரு பையன் "ஏழு" என்றான். பள்ளியில் சேர்க்கும்போது அப்படித்தான் எழுதினார்களாம். கம்ப்யூட்டர் அவனுக்குப் பலூன் காட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான். இன்னொருத்தி, "பெரிய மழ பேஞ்சி எங்க வூடு வுழுந்துச்சே, அப்ப பொறந்தங்க" என்றாள். பெரிய பெண்ணைக் கேட்டபோது, "வயசு யாருக்குங்க தெரியும்? எங்க அப்பாவுக்கே தெரியாது" என்றாள்.

தம்பி டிவியை அணைக்கச் சொன்னான். இனி பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் மாலை அவள் வந்ததும், "ஏம்மா, நீ வூட்டுல இன்னா வேலை செய்வ?" என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். தன் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டது, ஆடு ஓட்டியது, கிளி விரட்டியது, களை எடுத்தது, கூழ் காய்ச்சியது, அப்பாவோடு புளி சுமந்து சந்தைக்குப் போனது. சொல்லச் சொல்ல அவள் முதுகு நிமிர்ந்தது. வகுப்பில் நான் பார்த்த பெண்ணாகவே தெரியவில்லை.

வயது என்ற கேள்வியை அவன் எடுத்துவிட்டான். வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று கம்ப்யூட்டர் கேட்க ஆரம்பித்தது. பதிலாகக் குழந்தை, ஆடு, அடுப்பு, களைக்கொத்து, தலைச்சுமை என்று சின்னச் சின்னப் படங்கள் வந்தன. பிள்ளை ஒன்றைத் தொட்டுக் காட்டினால் தம்பி அதற்கான விசையை அழுத்துவான், அதற்கேற்ற கதையில் கணக்கு வரும். சந்தைக்குப் போகிறவர்களுக்குப் புளி, தேன், பலாப்பழம். ஆடு மேய்ப்பவர்களுக்கு மந்தை. ஏழு வயது என்று சொல்லிவிட்டுப் போன பையன் தானாகத் திரும்பி வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். பெரிய பெண் சில மாதங்களில் ஐந்தாம் வகுப்புக் கணக்குகளைப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அவன் விரல்களுக்குப் பலம் குறைந்தபோது டைப் அடிக்கும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. உருவத்தைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொண்டாள். அரைப்புள்ளியை அவன் "புள்ளிக்குக் கீழ வாலு" என்றால் சரியான இடத்தில் விரல் போகும். அவன் படுத்துக்கொண்டே சொல்ல, அவள் அடிக்க, நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷமான சத்தம் என் வீட்டில் வேறெப்போதும் இருந்ததில்லை. மாலையில் கரண்டு குறைந்து டிவிப் படம் நடுவில் சுருங்கிவிடும். கேசட்டில் போடுவதற்குள் கரண்டு போனால் அன்றைக்கு எழுதியது எல்லாம் போச்சு. "நாளைக்கு அடிச்சிக்கலாம்ணே, எனக்கு மனசுல கீது" என்பாள்.

விடுதியில் தாய் இல்லாத ஒரு சின்னப் பெண் இருந்தாள். பல் விழுந்து முளைக்கிற வயதுதான். அவளை உட்கார வைத்தபோது அடுப்புப் படத்தைத் தொட்டாள். வீட்டில் இருந்தபோது அப்பாவுக்கும் தன் தம்பிக்கும் அவள்தான் சமைத்துக்கொண்டிருந்தாளாம். கம்ப்யூட்டர் அவளைப் பெரியவள் என்று எடுத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு எத்தனை படி சாமை வேண்டும் என்று கேட்டது. அவள் சரியாகப் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா?" என்றான் தம்பி.

"அந்தப் புள்ளைக்கு வந்துச்சே, கிளி. எனக்கும் கிளி வேணுங்க."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது. "போடும்மா, அதுக்குக் கிளி போடு" என்று பெரிய பெண்ணிடம் சொன்னான். அன்று அந்தச் சின்னது போதும் என்று சொல்லும் வரை கிளிக் கணக்கே போட்டுக்கொண்டிருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் இன்னொரு கேள்வியைச் சேர்த்தான். உனக்கு எந்தக் கதை வேண்டும்? "நாம என்னத்தக் கண்டோம் அக்கா, யாருக்கு எது ஏத்ததுன்னு. அதுங்களயே கேட்டுடலாம்" என்றான்.

ஒரு அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தபோது தலைமை ஆசிரியர் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். மற்ற மலைப் பள்ளிகளுக்கும் இது போகலாம் என்று தம்பிக்கு ஓர் ஆசை. நல்ல சட்டை போட்டுவிடச் சொன்னான். அதிகாரி மரியாதையாகத்தான் பார்த்தார். "பாடத்திட்டத்தில இது எங்க வருது?" என்று கேட்டார். கரண்டு இருக்கிற பள்ளிகளே இந்த மலையில் எத்தனை என்றும் கேட்டார். காபி குடித்துவிட்டுப் போனார். சட்டையைக் கழற்றிவிடும்போது தம்பி சொன்னான்: "அவருக்கு ஏத்த மாதிரி ஒரு கதைய நாம போடல அக்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

சாமை அறுப்பு முடிந்த பிறகு ஒரு மாலை பெரிய பெண்ணின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பையன் இப்ப தனியா இருந்துக்குவாங்க டீச்சர். இத்த இட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"அவ நல்லா படிக்கிறாங்க."

"தெரியுங்க. லீவுக்கு வந்தா அதத்தான் சொல்லிக்கினு கீறா. இன்னா பண்றது? புதூர்நாட்டுப் பக்கம் என் மச்சான் வூட்டுல கேக்கறாங்க. இன்னும் வெச்சிக்கினா நாலு பேர் பேசுவாங்க."

அவளுக்கு இன்னும் வயது ஆகவில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அங்கே எதற்கும் உதவாது என்று தோன்றியது. "கொல்ல வேல, சமையல் எல்லாம் செய்றாளே டீச்சர்" என்றார் அவர், எனக்குப் புரியாத ஒன்றை எடுத்துச் சொல்வது போல.

உள்ளேயிருந்து தம்பி, "இன்னும் ஒரு வருஷம் வுடக் கூடாதாங்க?" என்றான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே குந்தினார். தம்பியின் கால்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார்.

அவள் அப்போதும் டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அப்பா எழுந்து கூப்பிட்டார். "இருப்பா, இந்த வரிய முடிச்சுட்டு வர்றேன்" என்றாள். தம்பி அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தான். அவன் குரல் சரியாகத்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கேசட்டைப் போட்டு, அது ஓடி நிற்கும் வரை காத்திருந்தாள். பிறகு பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "போய்ட்டு வர்றேண்ணே" என்றாள். என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

அதன் பிறகு அவன் சொல்ல நான் அடித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. ஒரு வரியில் நான்கு தப்பு வரும். எரிந்து விழுவான். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி குடு அக்கா" என்பான். அவன் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான். ஒரு நாள், "போதும் அக்கா, இருக்கிறது போதும்" என்றான். டிவியை அணைத்தேன்.

மார்கழிப் பனி அந்த வருடம் கடுமையாக இருந்தது. சளி பிடித்தது. இருமித் துப்ப அவன் நெஞ்சுக்குப் பலம் இல்லை. ஜீப் பிடித்து வேலூருக்குக் கொண்டு போனேன். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். பேச மூச்சு போதவில்லை. ஒரு காலையில் மட்டும் தெளிவாகப் பேசினான். "அந்தச் சின்னது கிளி கேட்டுதே, அந்தக் கிளி சும்மா நிக்குது அக்கா. றெக்க அடிக்க வெக்கணும்னு இருந்தேன்." செய்யலாம்டா, வீட்டுக்குப் போனதும் செய்யலாம் என்றேன். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் போய்விட்டான். எங்கள் ஊரில் அம்மாவை எரித்த இடத்திலேயே அவனையும் எரித்தோம்.

நான் மலைக்குத் திரும்பியபோது பெரிய பெண்ணின் அப்பா வந்திருந்தார். கொஞ்சம் தேன் கொண்டுவந்து வைத்தார்.

"வூட்டுல இன்னா வேல செய்வன்னு கேட்டாராமே அந்தத் தம்பி. ஆபீசுல கேப்பாங்க, எந்த ஊரு, இன்னா சாதி, எவ்ளோ நெலம்னு. இத்த யாரும் எங்கள கேட்டதில்லீங்க" என்றார்.

"அவளுக்குச் சொன்னீங்களா?"

"இல்லீங்க. கல்யாணம் ஆகிப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆவுது. புது எடம். சொன்னா அழுதுக்கினே கெடப்பா. அங்க திட்டுவாங்க. அப்பறமா சொல்லிக்கிறேன்."

நான் பிள்ளைகளை வழக்கம்போல் டிவிக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஒரு மாலை கரண்டு திடீரென்று ஏறி, கம்ப்யூட்டர் புகைந்து நின்றது. வேலூரில் காட்டினேன். இந்த மாதிரிக்கு இப்போது சாமான் வருவதில்லை என்றார்கள். வகுப்பில் மறுபடி புத்தகத்தைத் திறந்தேன்.

பலாப்பழக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிழல் ஆடியது. அவள் நின்றுகொண்டிருந்தாள். புடவையில் இருந்தாள், இளைத்திருந்தாள். தலையில் பெரிய பழம். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பிலும் நடந்தும் வந்திருக்கிறாள்.

"அண்ணன் தூங்குதா டீச்சர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க மாமியா தாய் வூட்டுக்குப் போய்ட்டு வான்னு வுட்டாங்க. மொதல்ல இங்க வந்துட்டேன்."

பழத்தை இறக்கி வைக்கக் கை கொடுத்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டில் இல்லை. அந்த இடத்தில் நான் அரிசி மூட்டை வைத்திருந்தேன்.

"எப்பங்க?"

"தை பொறக்கறதுக்கு முன்னாடி."

"எங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் தலையை அசைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். நல்லெண்ணெய் எடுத்துக் கையிலும் கத்தியிலும் தடவிக்கொண்டாள். தரையில் சாக்கை விரித்துப் பழத்தைப் பிளந்தாள். பாலைத் துணியால் துடைத்துத் துடைத்துச் சுளைகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். அதற்குள் அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. கையில் எண்ணெய் இருந்ததால் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்புடுங்க டீச்சர்" என்றாள். நான் ஒரு சுளையை எடுத்தேன். நல்ல இனிப்பு. அவளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.